ஒட்டுப் போட்டவனும் ஏறிப்போன படகு

என்னைக் கைப்பிடித்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்ட என் அண்ணே,

இந்த அர்த்த ராத்திரியில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். பாக்கியம் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பல் முளைக்கிற காய்ச்சல். தொட்டிலை ஆட்டுகிற கை நின்றால் அழுகிறாள். மண்ணெண்ணெய் அளந்து வாங்குகிற காலமாக இருப்பதால் திரியை நன்றாக இறக்கிவைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணிப்போயிருந்தால் அதுதான் காரணம். நடுநடுவே எழுந்து போய் அவள் மூக்கின் கீழ் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். உன் மச்சான் இதற்கு என்னைக் கேலி செய்கிறார். செய்யட்டும்.

முன்பெல்லாம் உனக்கு ‘தாங்கள்’, ‘தங்கள் திருமுகம்’ என்றுதான் எழுதுவேன். காலேஜில் சேர்ந்த புதிது, அப்படி எழுதினால்தான் படித்தவள் என்று நினைத்தேன். லீவில் வந்தபோது நீ சிரித்தாய். “ஏ புள்ள, இது அண்ணனுக்கு எழுதுனதா, இல்ல திவானுக்கு மனுப் போட்டதா?” என்றாய். பேச்சில் எப்போதும் வா, போ என்றுதானே இருந்தோம். இனிமேல் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வருகிற மாசியில் பாக்கியத்துக்கு மொட்டையடித்துக் காது குத்துவதாக இருக்கிறோம். அவள் நீ பார்க்காத மருமகள். அவள் என் வயிற்றில் தங்கும் முன்பே நீ போய்விட்டாய். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் வீட்டுச் சீர் வந்து இறங்க வேண்டும். எனக்கு இருந்தது நீ ஒருவன்தான். உன்னைப் பெற்ற ஆத்தாவோ, உன் பேரைச் சொல்லிச் சீர் எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். உன் பேரைச் சொல்லவே பயந்தாள் என்பதுதான் நிஜம்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் உன் கப்பலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் கல்யாணத்துக்கு நீ லீவில் வந்தபோது உன்னைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் பீரங்கிக் கதை கேட்டார்கள். உன்னிடம் பீரங்கிக் கதை இல்லை. “எங்க கப்பல் சண்டைக்குப் போகாது. சண்டைக்குப் போயி ஒடஞ்சு வர்றதுகளுக்கு வைத்தியம் பாக்கும்” என்றாய். பெரியப்பா முகம் வாடிப்போயிற்று. “அப்ப ஒனக்குத் துப்பாக்கியே குடுக்கலையாப்பா?” என்று கேட்டார். “ஸ்பானர் குடுத்தாங்க பெரியப்பா, நல்ல கனம்” என்றாய். பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு மணப்பெண்ணாக உட்கார்ந்தபடியே சிரித்தேன்.

அந்தக் கப்பலுக்குப் பெரிய இங்கிலீஷ் பேர் ஒன்று இருந்தது. அதை யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் அது ‘பட்டறை’தான் என்றாய். சண்டைக்கு முன்னால் அது பம்பாய்க்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்த கப்பல். சண்டை வந்ததும் கடற்படை எடுத்துக்கொண்டது. துரைகள் சாப்பிட்ட கூடத்தில் மேசைகளைத் தூக்கிவிட்டுக் கடைசல் இயந்திரங்களை நிறுத்தினார்கள். துரைசானிகள் ஆடிய மரத்தரையில் தச்சுப்பட்டறை. பணக்காரர்கள் படுத்த அறைகளில் திருகும் மரையும் ஆணியும் மூட்டை மூட்டையாக. சுவரில் நிலைக்கண்ணாடி மட்டும் கழற்றப்படாமல் இருந்ததாம். “மொகத்துல கரியோட அந்தக் கண்ணாடியில பாத்துத்தான் சவரம் பண்ணுவோம். மேல கூரையில பூவும் கொடியுமா வரஞ்சிருக்கும். எங்க ஒலைப் பொகையில அந்தப் பூவெல்லாம் கருத்துப்போச்சு” என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

பம்பாயில் பட்டறையாக மாறிய பிறகு அந்தக் கப்பல் முதலில் போனது திரிகோணமலைக்கு. துறைமுகத்தில் குண்டு விழுந்த பின்னால் அங்கே உடைந்து கிடந்த கப்பல்களுக்குக் கணக்கில்லை என்றாய். சின்னக் கப்பல்களும் படகுகளும் இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக் கட்டிக்கொள்ளுமாம், குட்டிகள் தாய்ப்பன்றியிடம் முண்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. ஒன்றுக்குச் சுக்கான் உடைந்திருக்கும், ஒன்றுக்கு இயந்திரம் இறுகியிருக்கும், ஒன்று வயிற்றில் ஓட்டையோடு அதில் பாயைச் சுருட்டி அடைத்துக்கொண்டு வந்து நிற்கும். மற்ற கப்பல்கள் துறைமுகத்துக்கு வருவது ஓய்வெடுக்க. உங்கள் கப்பலுக்குத் துறைமுகத்தில்தான் வேலையே. சுத்தியல் சத்தம் பழகிப்போய், அது நின்றால்தான் உனக்கு விழிப்பு வருமென்றாய். நம் வீட்டில் அந்த லீவு முழுக்க நீ சரியாகத் தூங்காமல் புரண்டது அதனால்தானா அண்ணே?

திரிகோணமலைக்குப் பிறகு கப்பல் வடக்கே போயிற்று. ஊர்ப் பேர் எழுதக் கூடாது என்பதால் உன் கடிதங்களில் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுவாய். “இங்கே கடலே செம்மண்ணைக் கரைத்து விட்டதுபோல் இருக்கிறது” என்று ஒரு கடிதத்தில் இருந்தது. உன் மச்சான் பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தை எடுத்து வந்து பார்த்து, அது பெரிய ஆற்று முகம், சிட்டகாங் பக்கமாகத்தான் இருக்கும் என்றார். ஆத்தா அந்தப் படத்தில் அவர் காட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். “இம்புட்டுத் தண்ணியா?” என்று மட்டும் கேட்டாள். நம் பக்கத்தில் கண்மாய் நிறைவதைக்கூட மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் பார்க்கிறவள்தானே.

என் கல்யாணத்துக்கு வந்த லீவில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறந்தாங்கி போகிற பஸ் நம் தெரு முனையில் நின்றுபோயிற்று. நீ பழைய மோட்டார் ஷெட் ஆள் அல்லவா, உன்னைக் கூப்பிட்டார்கள். மூடியைத் திறந்து எதையோ கழற்றி மாட்டினாய், வண்டி கிளம்பிற்று. கிளம்பிய வண்டியில் நீயும் ஏறிப் போய்விட்டாய். வீட்டில் விருந்தாளிகள் இலை போட்டுக் காத்திருக்கிறார்கள், மாப்பிள்ளைக்கு மைத்துனனைக் காணோம். பொழுது சாய்ந்த பிறகு வந்தாய். ஆத்தா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டா, லீவுல வந்தவன் பஸ்ஸுக்குக் காவலாவா போவ? சரி பண்ணிக் குடுத்தா ஒன் வேல முடிஞ்சுச்சுல்ல?”

“சரி பண்ணி அனுப்பிட்டா ஆச்சா ஆத்தா? ஏறி ஒக்காந்து பாக்கணும்ல. வழியில நின்னா அம்புட்டுச் சனமும் வெயில்ல நிக்கும்.”

“நிக்கட்டும். ஒனக்கென்ன?”

“அப்ப நானும் அதுகளோட வெயில்ல நிக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய். உனக்குப் பஸ் ஆசை இன்னும் விடவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவ்வளவுதான் எங்களுக்குப் புரிந்தது.

பிறகு, சண்டை முடியப்போகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த கோடையில், தந்தி வந்தது. அன்று நான் ஆத்தாவைப் பார்க்க நம் வீட்டுக்கு வந்திருந்தேன், உன் மச்சான் பள்ளிக்கூடத்தில் இருந்தார். இங்கிலீஷ் தெரிந்தவள் வீட்டில் நான்தான். பணிக்குச் சென்ற இடத்தில் கடலில் மறைந்தார், இறந்ததாகக் கொள்ளப்படுகிறார் என்று இருந்தது. ஆத்தா முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னை நீ படிக்க வைத்தாய் அண்ணே. “பொட்டப்புள்ளைக்குக் காலேஜா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீ பதில் சொல்லி, திருச்சிக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்தாய். அந்தப் படிப்பைக் கொண்டு நான் ஆத்தாவுக்குச் செய்த முதல் உபகாரம் அந்தத் தந்தியைத் தமிழில் சொன்னது.

உடல் இல்லாமல் செய்ய வேண்டியதை எல்லாம் குளத்தங்கரையில் செய்தோம். ஆத்தாவை அந்த வீட்டில் தனியே விட மனமில்லாமல் எங்களோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். பாக்கியம் பிறந்தாள். ஆத்தா அவளைக் குளிப்பாட்டினாள், சாம்பிராணி போட்டாள், காலில் போட்டு நீவி விட்டாள். கொஞ்சம் தேறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் அன்னவாசல் சந்தைக்குப் போனவள் கூடையைக்கூட மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். தலைவலி என்று படுத்தாள். அதற்கப்புறம் பிள்ளையைத் தூக்குவதில்லை. நான் கொடுத்தாலும் “கை வலிக்குது” என்பாள். சாப்பாட்டில் கை வைத்தபடி எங்கேயோ பார்ப்பாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான்தான் எந்நேரமும் பயந்து சாகிறவள். ஆத்தா என்னைத் திட்டுகிறவள். திட்டுவதும் நின்றுபோயிற்று.

காதுகுத்துப் பேச்சை எடுத்தது என் மாமியார்தான். அத்தையும் ஆத்தாவும் சம்பந்திகளாவதற்கு முன்பே ஒன்றுவிட்ட உறவு என்பதால் வெளிப்படையாகப் பேசிக்கொள்வார்கள்.

“என்ன மதினி, பிள்ளைக்கு மாசியில காதக் குத்திருவமா? நம்ம மருமகன் இல்லாட்டியும் அவன் பேர்ல நீங்க சீர் கொண்டாங்க. மடிக்கு அவன் பெரியப்பன் மகன ஒக்கார வச்சுக்கிருவோம்.”

“குத்திக்கங்க. எங்க வீட்டுச் சீரு வேணாம்.”

“இதென்ன பேச்சு?”

“அவன் பேரச் சொல்லி என் பேத்தி காதுல ஊசி எறங்க வேணாம் மதினி. அவன் கை ஆகாது.”

அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் ஆத்தாவைப் பார்த்தேன். அப்போதுதான் சொன்னாள். சந்தையில் பட்டாளத்திலிருந்து வந்த ஒருவன், யார் என்று தெரியாது, புகையிலைக் கடை முன்னால் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தானாம். பர்மாப் பக்கம் ஒரு பட்டறைக் கப்பலாம். அது ஒட்டுப் போட்டு அனுப்பிய படகு, கரையைத் தாண்டுவதற்குள் ஒட்டுப் பிரிந்து முங்கிப்போயிற்றாம். ஒட்டுப் போட்டவனும் உள்ளே இருந்தானாம். “செஞ்ச வேலைக்கு அவனுக்குக் கூலி கெடச்சிருச்சு, மத்தவன் என்ன பாவம் செஞ்சான்” என்று அவன் சொல்ல, நின்றவர்கள் சிரித்தார்களாம். ஆத்தா அங்கேயே கூடையை வைத்துவிட்டு நடந்திருக்கிறாள்.

“எத்தனை தாய் புள்ளையப் பறிகுடுத்தாளோ. எல்லாம் எம்மகன் கையால” என்றாள் ஆத்தா. அழவில்லை. அழுதிருந்தால் நான் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும்.

நான் சண்டை போட்டேன். அந்த ஆள் சொன்னது எந்தப் படகோ, எந்தக் கப்பலோ, சந்தையில் நின்று எவனோ சொன்னதை நம்புவாயா என்று கத்தினேன். கத்தினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் அந்தக் கேள்வி நுழைந்துவிட்டது அண்ணே. அன்றிலிருந்து பாக்கியத்தைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் முகத்தில் வழிந்தால் சொம்பைக் கீழே வைத்துவிடுகிறேன். நீ போட்ட ஒட்டு நின்றதா, நிற்கவில்லையா? கேட்க எனக்கு வேறு யாருமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஒல்லியாக, உயரமாக, கடல் வெயிலில் வெந்த நிறம். ஜெகதாப்பட்டினத்திலிருந்து வருகிறேன், பேர் காசிம், உங்கள் அண்ணனோடு கப்பலில் இருந்தேன் என்றார். உன் மோட்டார் ஷெட்டில் விசாரித்து, அங்கிருந்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார். கப்பலில் கயிறு கட்டுவதும் படகு இறக்குவதும் அவர் வேலையாம். நீ அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். ‘நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் இருக்கான், அவனும் நானும் சேர்ந்துதான் தமிழ் பேசித் தீர்த்துக்குவோம்’ என்று. அந்தக் காசிம். வந்தவர் திண்பண்டம் எதுவும் வாங்கி வரவில்லை என்று வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

ஆத்தா நேரே வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர்கூடக் கொடுக்க விடவில்லை.

“எம்மகன் எப்படிச் செத்தான்?”

“ஒரு காவல் படகு ஆத்தா. வயித்துல ஓட்டையோட வந்துச்சு. ஒங்க மகனும் கூட ரெண்டு பேரும் பழைய தகட்ட வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வச்சு ஒட்டுனாங்க. முடிச்சுட்டு ஓட்டம் பாக்கக் கெளம்புனாங்க. நான்தான் கயித்த அவுத்து விட்டேன்.”

“அவன் ஏன் போனான்? வேலைதான முடிஞ்சுச்சு. எவன் போகச் சொன்னது?”

“யாரும் சொல்லலை ஆத்தா. எங்க கப்பல்ல அதான் வழக்கம். ஒட்டுப் போட்டவன் மொத ஓட்டத்துல ஏறிப் போவான். அப்பத்தான் படகுக்காரங்களுக்குத் தெம்பு வரும். இது வெள்ளக்காரன் போட்ட சட்டம் இல்ல. பட்டறைக்காரங்க தாங்களா வச்சுக்கிட்டது. ஒரு தடவ ஒங்க மகனுக்குக் காச்சல், படுத்துக்கடான்னு சொன்னோம். போர்வையப் போத்திக்கிட்டே ஏறிப் போனான்.”

எனக்கு அறந்தாங்கி பஸ் கண் முன்னால் வந்தது. ஆத்தாவுக்கும் வந்திருக்கும். என் பக்கம் திரும்பவில்லை.

“ஒட்டுப் பிரிஞ்சு போச்சா?” என்று கேட்டாள்.

காசிம் அண்ணன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்கள் எதைக் கேட்க விரும்புகிறோம் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

“தெரியலை ஆத்தா. ஆத்து மொகத்தத் தாண்டுறவரைக்கும் பாத்தேன். காத்து எந்திரிச்சுச்சு. கண்ணிவெடி மெதந்த கடலு அது. திரும்பி வரலை. வேற படகு போயிச் சிலபேரத் தூக்கி ஆஸ்பத்திரிக் கப்பல்ல ஏத்துனாங்க. அதுல ஒங்க மகன் இல்ல. அந்தக் கப்பலும் அன்னைக்கே கெளம்பிருச்சு. தப்பிச்சவங்க யாரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியலை. கப்பல்ல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. வெடின்னான் ஒருத்தன். அலைன்னான் ஒருத்தன். ஒட்டுன்னும் சொன்னான் ஒருத்தன்.”

“ஏறும்போது எப்படி இருந்தான்?”

“எப்பவும் போலத்தான். ‘காசிமு, என் சோத்த மூடி வையி, அந்தச் சமையக்காரன நம்ப முடியாது’ன்னுட்டுப் போனான்.”

“வச்சியாப்பா?” என்று ஆத்தா கேட்டாள்.

“வச்சேன் ஆத்தா. மறுநா வரைக்கும் வச்சிருந்தேன்.”

ஆத்தா எழுந்து போய், தானே இலை போட்டு, தானே பரிமாறினாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். இலையில் சோறு குறையக் குறைய வைத்துக்கொண்டே இருந்தாள்.

சாப்பிட்ட பிறகு அவர் சொன்னதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தில் பாதி. நீ போன பிறகு உன் கப்பல் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிய வேண்டாமா? சிட்டகாங்கிலிருந்து கப்பல் பர்மாக் கரையில் அக்யாபுக்குப் போயிற்றாம். அப்புறம் ரங்கூன். அங்கே கப்பல்களைவிட ஊர்தான் அதிகமாக உடைந்து கிடந்ததாம். உங்கள் பட்டறை ஆட்கள் கரையிறங்கி, படகுத்துறையின் பாரந்தூக்கியை நிமிர்த்தினார்கள். ஊருக்குக் குடிதண்ணீர் இறைக்கிற இயந்திரத்தைப் பிரித்து மாட்டினார்கள். குழாயில் முதல் தண்ணீர் வந்தபோது சனங்கள் தெருவில் நின்று நனைந்ததைக் காசிம் அண்ணன் சொன்னார். “அவன் இருந்திருந்தா அந்தத் தண்ணியையும் மொதல்ல அவன்தான் குடிச்சுப் பாத்திருப்பான்” என்றார்.

சண்டை முடிந்தது. கப்பல் பம்பாய்க்குத் திரும்பிற்று. கடைசல் இயந்திரங்களையும் உலையையும் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டார்களாம். மறுபடியும் ஆள் ஏற்றுகிற கப்பலாக்கப் போகிறார்கள். கூரையில் கருத்துப்போன பூக்களைச் சுரண்டிவிட்டு வெள்ளை அடித்ததை அவர் இறங்குவதற்கு முன்னால் பார்த்திருக்கிறார். நீ நின்று வேலை செய்த இடத்தில் சாப்பாட்டு மேசை வந்துவிட்டதாம். நாளைக்கு யாரோ ஒரு குடும்பம் அங்கே உட்கார்ந்து, குழந்தைக்கு ஊட்டிக்கொண்டு, ஆப்பிரிக்காவுக்குப் போகும். அந்த இடத்தில் முன்பு யார் நின்றார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் இருப்பதுதான் நல்லதோ என்னவோ. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தத் தரையில் உன் எண்ணெய்க் கறை ஒன்றாவது போகாமல் இருந்திருக்கக் கூடாதா அண்ணே?

காசிம் அண்ணன் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஆத்தா மறுநாள் அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“மதினி, சீரு எடுக்குறேன்.”

அத்தை முறத்தைக் கீழே வைத்தார்கள். “மனசு மாறிருச்சா?”

“ஒட்டு நின்னுச்சோ நிக்கலையோ, அது ஆத்தாளுக்குத் தெரியாது. நிக்கும்னு நெனச்சுத்தான ஏறியிருக்கான்? அனுப்பிவிட்டுட்டுக் கரையில நின்னு பாக்கலையே. அவங்க வழக்கத்த அவன் விடலை. நம்ம வழக்கத்த நான் விட்டா, அவனப் பெத்தவன்னு எப்படிச் சொல்லிக்கிறது?”

“நல்லாருக்கும் மதினி. அப்ப மடிக்கு அவன் பெரியப்பன் மகன வரச் சொல்லி ஆள் விடவா?”

“வேணாம். பிள்ளைய என் மடியில வைங்க.”

அத்தை கெட்டவர்கள் இல்லை அண்ணே. ஆனாலும் திகைத்துப்போனார்கள். “அது எப்படி மதினி? சபையில, நல்ல காரியத்துல, நீங்க…” என்று இழுத்து, மேலே சொல்ல முடியாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

“சொல்லுங்க. தாலியில்லாதவதான். இல்லேங்கலை” என்றாள் ஆத்தா. “ஆனா அவன் ஒக்காந்து எந்திரிச்ச மடி ஒலகத்துல இது ஒண்ணுதான் மதினி மிச்சம். அவன் காதும் இதுலதான் குத்துனது, எந்தம்பி அன்னைக்கு வர முடியாமப்போயி. அவன் மடிய நான் வேற எங்கிட்டுப் போயித் தேட?”

நான் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை அரிசியில் கல் பொறுக்கினார்கள். பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், “பந்தக்கால எங்கிட்டு ஊண்டுறது, கெழக்கால ஊண்டுனா வெயில் அடிக்குமே” என்று கேட்டார்கள். ஆத்தா எழுந்து வந்து தொட்டிலிலிருந்து பாக்கியத்தைத் தூக்கினாள். சந்தைக்குப் போய் வந்த நாளிலிருந்து தூக்காத கை. பிள்ளை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. அப்போதுதான் ஆத்தா அழுதாள்.

ஊரில் பேசுவார்கள். உன் மச்சானிடம் இப்போதே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். “அவங்க மகன் இடத்துல அவங்க ஒக்கார்றாங்க, ஒங்களுக்கு எங்க வலிக்குது?” என்று கேட்டு அனுப்பிவிட்டார். பேச்சே வராது என்று நீ கிண்டல் செய்த அதே மனுஷர்தான்.

ஆத்தாவுக்கு விடை கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை அண்ணே. நிற்கும் என்று நீ நம்பியதும், அது நின்றதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரிகிறது. தெரியாமல் இருந்திருக்கலாம். தண்ணீர் உள்ளே வந்தபோது அது உன் தகட்டின் வழியாக வந்ததா? அப்படி வந்திருந்தால், கடைசி நேரத்தில் உன் மனசு என்ன பாடு பட்டிருக்கும்? குளிரையும் அலையையும்விட அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நீ செத்ததை என்னால் சுமக்க முடிகிறது. ‘என்னால்தான் இத்தனை பேரும்’ என்று நினைத்துக்கொண்டு நீ செத்திருப்பாயோ என்பதைத்தான் என்னால் சுமக்க முடியவில்லை. இல்லை, உன் ஒட்டு ஒட்டாகவே இருக்க, வேறு ஏதோ வந்து படகை விழுங்கிற்றா? அப்படியென்றால் சந்தையில் சிரித்தவர்கள் நடுவே கூடையை விட்டுவிட்டு வந்த ஆத்தாவுக்கு யார் பதில் சொல்வது?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மாசியில் பாக்கியம் ஆத்தா மடியில்தான் உட்காருவாள். நாவிதர் ‘மாமன் யாரு’ என்று கேட்டால், உன் பேரை நான் உரக்கச் சொல்வேன். அவள் வளர்ந்து, மாமா எப்படிச் செத்தார் என்று கேட்கிற நாளில், எனக்குத் தெரிய வருவது எதுவானாலும் மறைக்க மாட்டேன். உன் வேலை நின்றிருந்தால் நின்றது என்பேன். நிற்காமல் போயிருந்தால் நிற்கவில்லை என்பேன். இரண்டிலும், நீ அவர்களோடு ஏறிப் போனாய் என்பதைச் சேர்த்தே சொல்வேன்.

இந்தக் கடைசிப் பத்தி உனக்கில்லை அண்ணே, கோபித்துக்கொள்ளாதே. இதற்காகத்தான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். சிட்டகாங்குக்குத் தெற்கே, சண்டை முடிவதற்கு முந்திய கோடையில், பட்டறைக் கப்பலில் ஒட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பிய காவல் படகில் இருந்து பிழைத்தவர்களே, அவர்களை ஆஸ்பத்திரிக் கப்பலில் பார்த்தவர்களே, உங்களில் யாராவது இதைப் படிக்கலாம், அல்லது யாராவது உங்களுக்குப் படித்துச் சொல்லலாம். தண்ணீர் எந்தப் பக்கமாக உள்ளே வந்தது என்று மட்டும் சொல்லுங்கள். நல்ல செய்தியாக மாற்றிச் சொல்ல வேண்டாம். இந்தப் பத்திரிகைக்கு எழுதினால் எனக்கு வந்துவிடும். மாசி தொலைவில் இல்லை. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
பாக்கியத்தின் அம்மா
புதுக்கோட்டை